மாட்டு மருத்துவமா, மூலதன மருத்துவமா?

மருத்துவம் என்பது துன்புறும் உயிரின் நோவைத் தீர்க்கப் பிறந்த கலை. மனிதனுக்குச் செய்யப்படினும், வாய் பேசா மாட்டுக்குச் செய்யப்படினும் அதன் அடிப்படை ஒன்றே: நோயின் காரணத்தை அறிதல், அறிந்த காரணத்தை நீக்குதல். காரணத்தை நன்கறிந்தும் அதனை நீக்காது பேணிவைத்து, அதனால் விளையும் நோயை மட்டும் மருந்தால் அடக்கி, அவ்வாறு அடக்குவதையே ஒரு வணிகமாக்கிக் கொண்டால், அதற்கு மருத்துவம் என்ற பெயர் பொருந்துமா? ஐக்கிய அமெரிக்காவின் இறைச்சி மாட்டுத் தொழிலை ஊன்றி நோக்குவோர்க்கு இக்கேள்வி எழாதிருக்க முடியாது. எங்கோ கிடக்கும் அந்த மாட்டைப் பற்றி யாழ்ப்பாணத்திலும் அட்டனிலும் இருக்கும் நாம் ஏன் கவலைப்படவேண்டும் எனக் கேட்கும் நண்பர்களுக்குக் கட்டுரையின் போக்கில் விடை கிடைக்கும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மிருக வைத்திய விஞ்ஞானத்தை இகழ்வது நமது நோக்கமன்று. அவ்விஞ்ஞானத்தின் வரலாறு பெருமைக்குரியது. 1762-ம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் திறக்கப்பட்ட முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி, மாடுகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்றொழித்த வெக்கை நோய்க்கு விடைகாணும் நோக்கோடு எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவில் அரசாங்கம் 1884-ம் ஆண்டில் நிறுவிய கால்நடைப் பணியகம், மாடுகளின் நுரையீரலை அழித்த ஒரு கொடிய தொற்றுநோயை 1892-ம் ஆண்டில் நாட்டிலிருந்தே ஒழித்தது. அப்பணியகத்தைச் சேர்ந்த தியோபால்ட் சிமித்தும் கில்போணும், மாடுகளைக் கொன்ற ரெக்சாஸ் காய்ச்சல் உண்ணியினாற் காவப்படுகிறது என்பதை 1893-ம் ஆண்டில் நிறுவினர். மலேரியாவையும் நுளம்பையும் பற்றிய றொனால்ட் றொஸ்ஸின் கண்டுபிடிப்பு அதற்குப் பின்னர், 1897-ம் ஆண்டிலேயே வந்தது. மாட்டின் நோயை ஆராய்ந்தவர் மனித மருத்துவத்திற்கும் வழிகாட்டினர்.

வெக்கை நோயின் கதை இன்னும் சிறப்புடையது. 1890களில் ஆபிரிக்காவின் மந்தைகளை அழித்து, மேய்ப்பரைப் பட்டினியில் வீழ்த்திய நோய் அது. 1987-ம் ஆண்டில், இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது பல்லாண்டுகளின் பின் இலங்கையிலும் மீண்டும் தலைகாட்டியது. 2011-ம் ஆண்டில் உலகிலிருந்து அது முற்றாக ஒழிக்கப்பட்டதென அறிவிக்கப்பட்டது. மனிதன் பூண்டோடு ஒழித்த நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றது இது. கென்யாவில் வோல்ட்டர் பிளவ்றைற் உருவாக்கிய தடுப்புமருந்தும், அரசாங்கங்களின் கூட்டு முயற்சியும், வைத்தியர் எட்டாத இடங்களில் ஊசி போடப் பயின்ற மேய்ப்பர்களின் உழைப்பும் சேர்ந்து பெற்ற வெற்றி அது. பொதுமக்களின் பணமும் பொதுமக்களின் அறிவும் ஒன்றிணையும்போது மருத்துவம் எதனைச் சாதிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே மற்றப் பக்கத்தை நாம் அளத்தல் வேண்டும்.

ரெக்சாஸ், கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களின் சமவெளிகளில் 'பீட்லொட்' என வழங்கும் தீவனப்பட்டிகள் பரந்து கிடக்கின்றன. புல் முளைக்காத மண்தரை, இரும்பு வேலி, வேலியோரமாக நீண்ட தீவனத் தொட்டி. கன்று பிறந்த இடம் இதுவன்று. அது ஒரு சிறு பண்ணையிலோ பரந்த மேய்ச்சல் நிலத்திலோ தாயோடு வளர்ந்தது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஏலச் சந்தையில் விற்கப்பட்டு, பார வண்டியில் நூற்றுக்கணக்கான மைல் கடந்து, நேரடியாகவோ இடையில் வேறொரு மேய்ச்சல் நிலத்தில் தங்கியோ அது இங்கு வந்து சேர்கிறது. வந்தபின் ஏறக்குறைய அரையாண்டு சோளத் தீனியைத் தின்று கொழுத்து, கொல்களத்திற்குச் செல்கிறது. ஆயிரம் மாடுகளுக்கு மேற்பட்ட பட்டிகள் எண்ணிக்கையில் 100க்கு 5க்கும் குறைவு. ஆயினும் விற்பனையாகும் கொழுத்த மாடுகளில் 100க்கு 80க்கு மேற்பட்டவை அவற்றிலிருந்தே வருகின்றன. அம்மாடுகளை வாங்கிக் கொல்லும் தொழிலில் 100க்கு 85 பங்கு நான்கே கம்பனிகளின் கையில் இருக்கிறது: ரைசன், ஜேபிஎஸ், கார்கில், நாஷனல் பீஃப்.

இப்பட்டிகளில் மாடு நோயுறுவது தற்செயலான நிகழ்ச்சியன்று. இரண்டு நோய்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 'பயணக் காய்ச்சல்' என்று அங்கு வழங்கும் சுவாச நோய். பட்டி மாடுகளின் நோய்க்கும் சாவுக்கும் தலையாய காரணம் இதுவே. இதனைத் தோற்றுவிக்கும் பற்றீரியாக்கள் நலமுள்ள மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் அமைதியாகக் குடியிருப்பவை. தாயைப் பிரிந்த ஏக்கம், பசி, நெடும் பயணத்தின் களைப்பு, பல பண்ணைகளின் கன்றுகள் ஏலச் சந்தையில் ஒன்றோடொன்று கலத்தல், அப்போது தொற்றும் வைரசுகள் இவையெல்லாம் சேர்ந்து உடலின் எதிர்ப்பு வலிமையைக் குலைக்கும்போது அப்பற்றீரியாக்கள் நுரையீரலுட் புகுகின்றன. குதிரையேறிப் பட்டிக்குப் பட்டி சுற்றிவரும் தொழிலாளர், தலை தாழ்ந்த மாட்டையும் தீனி தொடாத மாட்டையும் மூச்சிரைக்கும் மாட்டையும் தேடிப் பிரித்தெடுத்து வைத்தியத்திற்கு ஓட்டுகின்றனர். ஆனால் மாடு நோயை மறைக்கும் இயல்புடையது. ஆதலால் நோய் வருமுன்னரே, வந்திறங்கிய அன்றே, நோயுற்றதற்கும் நோயுறாததற்கும் ஒருசேர நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடும் வழக்கம் பரவியது. கன்றுகளைக் கலக்காமல் விடுவதினும், பயணத்தைக் குறைப்பதினும் ஊசி மலிவானது. கணக்கு அங்கேதான் முடிகிறது.

இரண்டாவது, ஈரற் கட்டி. மாடு புல்லை அசைபோடப் பிறந்த விலங்கு. அதன் முதல் இரைப்பை நாரைச் செரிப்பதற்கென்றே அமைந்தது. அதற்கு நாளும் பொழுதும் மாப்பொருள் மிகுந்த தானியத்தைக் கொடுத்தால் இரைப்பையில் அமிலம் பெருகுகிறது. அதன் சுவர் புண்ணாகிறது. புண்ணின் வழியே பற்றீரியா இரத்தத்திற் கலந்து ஈரலை அடைந்து சீழ்க்கட்டியாகிறது. இதைத் தடுப்பதற்கு நாரைக் கூட்டித் தானியத்தைக் குறைத்தல் வேண்டும் என்பது அத்துறையில் அனைவரும் அறிந்த உண்மை. ஆனால் நாரைக் கூட்டினால் எடை ஏற நாள் கூடும். நாள் கூடினால் செலவு கூடும். எனவே தீனி மாறுவதில்லை. அத்தீனியோடு ரைலோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாதக்கணக்கிற் கலந்து கொடுக்கப்படுகிறது. மனிதர் உட்கொள்ளும் எரித்திரோமைசின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, ரைலோசினும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆக, தீனி நோயைத் தருகிறது. அதே தொட்டியில் மருந்தும் வருகிறது. முதலாளியின் கண்ணுக்கு இது முரண்பாடாகத் தோன்றுவதில்லை. இரண்டும் அவனது செலவுக் கணக்கின் இரு வரிகள், அவ்வளவே.

நுண்ணுயிர்க்கொல்லி தீவனத்துட் புகுந்த வரலாற்றையும் நாம் அறிதல் தகும். லெடர்லி கம்பனியில் ஸ்ரொக்ஸ்ராட், யூக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான ஊட்டப்பொருளைத் தேடினர். ஓரியோமைசின் உற்பத்தியில் எஞ்சிய கழிவைத் தின்ற குஞ்சுகள் விரைந்து வளர்ந்ததைக் கண்டு 1950-ம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே, வைத்தியரின் சீட்டு இன்றித் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதற்கு அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் இடங்கொடுத்தது. கோழியிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மாட்டுக்கும் வழக்கம் பரவியது. மரணப் படுக்கையில் இருந்தவரை எழுப்பிய மருந்து, எடை கூட்டும் தீனியாயிற்று.

எச்சரிக்கை செய்வோர் அக்காலத்தில் இல்லையா? இருந்தனர். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ம் ஆண்டின் நோபல் உரையிலேயே, மருந்தைக் குறைந்த அளவிற் கொடுப்பது நுண்ணுயிர்களுக்கு எதிர்ப்பைக் கற்பிக்கும் என எச்சரித்தார். தீவனத்திற் கலந்த மருந்தோ குறைந்த அளவில், நெடுங்காலம் கொடுக்கப்படுவது. அவர் அஞ்சிய அதே முறை. 1960களில் பிரித்தானியாவில், நெருக்கி வளர்க்கப்பட்ட கன்றுகளிடையே பல மருந்துகளுக்கு அடங்காத சல்மனெல்லா பரவி மனிதரையும் தாக்கியதை அண்டர்சன் என்ற பற்றீரியவியலாளர் வெளிக்கொணர்ந்தார். ஒரு பற்றீரியா பெற்ற எதிர்ப்பை வேறினப் பற்றீரியாவுக்கும் கையளிக்க வல்லது என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. 1969-ம் ஆண்டில் வெளிவந்த சுவான் குழுவின் அறிக்கை, மனிதருக்குப் பயன்படும் மருந்துகளை வளர்ச்சி ஊக்கிகளாகத் தீவனத்திற் கலத்தலாகாது என்று பரிந்துரைத்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 1977-ம் ஆண்டில் பெனிசிலினையும் ரெற்றாசைக்கிளினையும் தீவனத்திலிருந்து விலக்க முன்வந்தது. நடந்தது யாது? இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்று பாராளுமன்றத்திலிருந்து தடை வந்தது. 34 ஆண்டுகள் அம்முன்மொழிவு கிடப்பிற் கிடந்தது. 2011-ம் ஆண்டில் அந்நிர்வாகமே அதனைத் திரும்பப் பெற்றது. விஞ்ஞானம் பேசியபோது கேளாதவர்கள், மேலும் விஞ்ஞானம் வேண்டும் என்று கேட்டனர். காலத்தைக் கடத்துவதற்கு இதனினும் கண்ணியமான தந்திரம் இல்லை.

2017-ம் ஆண்டில் நிலைமை மாறிவிட்டதே என்பர் சிலர். மாறியது உண்மை. மனித மருத்துவத்திற்கு முக்கியமான மருந்துகளை எடை கூட்டுவதற்குக் கொடுத்தல் அவ்வாண்டு ஜனவரி முதல் அங்கு நின்றது. தீவனத்திற் கலக்க மிருக வைத்தியரின் ஒப்பம் தேவையாயிற்று. 2015-ம் ஆண்டில் ஏறத்தாழ 97 இலட்சம் கிலோவாக இருந்த அம்மருந்துகளின் விற்பனை, 2017-ம் ஆண்டில் 56 இலட்சம் கிலோவாக வீழ்ந்தது. போராடியவர்களின் வெற்றி இது; இதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் 2022-ம் ஆண்டில் அத்தொகை மீண்டும் 62 இலட்சம் கிலோ ஆயிற்று. அதில் 100க்கு 40க்கு மேற்பட்ட பங்கு மாடுகளுக்கானது. காரணம் எளிது. 'வளர்ச்சிக்கு' என்ற சொல் நீங்கியதே அன்றி 'தடுப்புக்கு' என்ற சொல் நீங்கவில்லை. ஈரற் கட்டியைத் தடுக்கும் ரைலோசின், வைத்தியரின் ஒப்பத்தோடு, அதே தொட்டியில் தொடர்ந்தது. பட்டி மாறவில்லை, தீனி மாறவில்லை, சீட்டு ஒன்று கூடியது.

அந்த ஒப்பத்தை இடுபவரைப் பற்றியும் பேசவேண்டும். மிருக வைத்தியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமது கருத்தன்று. அவர் கற்றவர், விலங்கின் நோவை அறிந்தவர். ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பது மாடன்று, பட்டியின் உரிமையாளன். தீனியை மாற்று என்றோ, கன்றுகளைக் கலக்காதே என்றோ விடாது வற்புறுத்தும் வைத்தியருக்குப் பதிலாக வேறொரு வைத்தியரை அமர்த்துவது கடினமன்று. தனிமனிதரின் மனச்சாட்சியின் மீது இத்துணைப் பாரத்தை ஏற்றுவது பேதைமை. டென்மார்க் அரசாங்கம் இதை உணர்ந்து, 1990களின் நடுப்பகுதியில் மிருக வைத்தியர் மருந்து விற்பனையிற் பெறும் இலாபத்தைக் கட்டுப்படுத்தியது. அப்பத்தாண்டு முடியுமுன் பன்றி, கோழிப் பண்ணைகளில் வளர்ச்சி ஊக்கிகளும் நின்றன. டென்மார்க் இன்றும் பன்றியிறைச்சி ஏற்றுமதியில் முன்னணி நாடுகளில் ஒன்றாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ம் ஆண்டில் வளர்ச்சி ஊக்கிகளை முற்றாகத் தடைசெய்தது. 2022 ஜனவரியில், வழக்கமாகத் தடுப்புக்கென மருந்து கொடுப்பதையும் தடைசெய்தது. முதலாளித்துவ நாடுகளிலேயே சட்டத்தின் கைக்கு இவ்வளவு இயலும் எனில், இயலாது என்று சொல்வோர் எதைக் காக்க முனைகின்றனர் என்பது வெளிப்படை.

மலிவான இறைச்சி ஏழைக்குக் கிடைக்கிறதே என்பது அவர்களின் அடுத்த வாதம். இறைச்சியின் விலைச்சீட்டில் அதன் செலவு முழுவதும் எழுதப்படுவதில்லை என்பதை அவர்கள் மறைக்கின்றனர். நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத பற்றீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-ம் ஆண்டில் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று 2022-ம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அச்சாவின் வீதம் மிக உயர்ந்திருந்தது மேற்கு ஆபிரிக்காவில். அத்தனை மரணத்தையும் பட்டி மாட்டின் தலையிற் சுமத்த நாம் முனையவில்லை. மனித மருத்துவத்தில் நேர்ந்த துர்ப்பிரயோகத்தின் பங்கும் பெரிது. ஆனால் இவ்விரண்டு துர்ப்பிரயோகங்களுக்கிடையே ஒரு வேறுபாடு உண்டு. ஒன்றில், நோயின் அச்சத்தால் மனிதர் தவறுகின்றனர். மற்றதில், இலாபக் கணக்குத் தவறாமல் வேலை செய்கிறது. எதிர்ப்புப் பெற்ற பற்றீரியா கடவுச்சீட்டுக் கேட்டு எல்லையில் நிற்பதில்லை. புதிய மருந்து வாங்க வழியுள்ள நாடு வாங்கும். பழைய மருந்தும் பயனற்றுப்போன நாட்டில், சாதாரண புண்ணுக்கும் பிரசவக் காய்ச்சலுக்கும் ஏழை உயிரிழப்பான். அமெரிக்கப் பட்டியைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும் என்ற கேள்விக்கு முதல் விடை இது.

வசதியுள்ளோர் இதற்கும் ஒரு வழி கண்டுள்ளனர்: 'மருந்தூட்டாத இறைச்சி' என்ற முத்திரை, அதற்கு மேலதிக விலை. இது தீர்வாகுமா? நோயுற்ற மாட்டுக்கு ஊசி போட்டால் முத்திரை போய்விடும்; முத்திரை போனால் விலை போய்விடும். ஆகவே மருந்து வேண்டாத மாட்டுக்கு மருந்து கொடுத்த அதே சந்தை, மருந்து வேண்டிய மாட்டுக்கு அதை மறுக்கவும் தூண்டுகிறது. நோயுற்ற விலங்குக்கு வைத்தியம் செய்தே ஆகவேண்டும். நமது எதிர்ப்பு வைத்தியத்திற்கன்று. 1906-ம் ஆண்டில் அப்ரன் சிங்கிளெயர் எழுதிய 'த ஜங்கிள்' நாவலுக்கு நேர்ந்த கதியை இலக்கிய மாணவர் அறிவர். சிக்காகோ கொல்களத் தொழிலாளரின் துயரை அவர் எழுதினார். வாசித்த கனவான்களோ தம் தட்டிலிருந்த இறைச்சியின் தூய்மைக்காக மட்டும் கலங்கினர். அவ்வாண்டிலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. தொழிலாளரின் துயரம் தொடர்ந்தது. இன்றைய முத்திரையும் அக்கலக்கத்தின் வாரிசே.

நம் மத்தியிலே வேறொரு கூட்டத்தார் உளர். இவற்றையெல்லாம் கேட்டதும், 'மாட்டை உண்பதே பாவம். அதனாலேயே இவ்வளவும்' என்று கைகழுவுவர். இவர்களின் சைவம், மாட்டிறைச்சி உண்போரைத் தீண்டத்தகாதோராக்கிய அதே சைவம். எதை உண்பது என்பது ஒருவரின் உரிமை. எவ்வாறு உற்பத்தி செய்வது என்பது சமூகத்தின் கேள்வி. முதலாவதைப் பற்றிக் கூச்சலிடுவோர் இரண்டாவதைப் பற்றி வாய்திறவார். 2020 செப்ரெம்பரில் இலங்கை அமைச்சரவை பசுவதைத் தடைக்கு இணக்கம் தெரிவித்தபோது, உண்போருக்கென மாட்டிறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையிற் கொடுக்கும் யோசனையும் உடன் இருந்தது. இந்நாட்டுப் பசுவின் மீது கருணை. பிறநாட்டுப் பட்டியில் அடைபட்ட மாட்டின் மீது இல்லை! ஏழை முஸ்லிம் வியாபாரியின் வாயில் மண்; ஏற்றுமதிக் கம்பனியின் பையில் பணம்! இக்கருணையின் வர்க்கக் குணம் விளக்கம் வேண்டாதது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? தீர்வு இனித்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதில்லை. கன்றை விற்பதற்குச் சில வாரங்கள் முன்னரே தாயிடமிருந்து பிரித்து, பிறந்த பண்ணையிலேயே தொட்டியில் உண்ணப் பழக்கி, தடுப்பூசி போட்டு, அதன் பின்னரே அனுப்பினால் பயணக் காய்ச்சல் பெரிதும் குறையும் என்று அமெரிக்க மிருக வைத்தியர்களே 1960களிற் சொல்லிவிட்டனர். அரை நூற்றாண்டு கடந்தும் அது பொது வழக்காகாதது ஏன்? அச்செலவைத் தாங்கவேண்டியவன் கன்றை வளர்க்கும் சிறு பண்ணையாளன். அதன் பயனை அறுவடை செய்பவன் பட்டி முதலாளி. செலவு ஒருவனுக்கும் பயன் மற்றவனுக்கும் என்றிருக்கும் உற்பத்தி முறையில், நல்லறிவு புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது. அதை மந்தைக்குக் கொண்டுசெல்ல இலாபத்தால் இயலாது. பொதுத் திட்டத்தாலேயே இயலும்.

இங்கேதான் நமது நாட்டுக்குரிய பாடம் உண்டு. இலங்கையில் மிருக வைத்தியம் பெரும்பாலும் இன்னும் அரசாங்க சேவையாகவே இருக்கிறது. அதில் ஆளணிக் குறைவும் மருந்துக் குறைவும் உண்டு. ஆயினும், இரண்டு மாடு வைத்திருக்கும் ஏழைப் பெண்ணும் படியேறக்கூடிய அலுவலகம் அது. அதனை நலியவிட்டு அதன் இடத்தில் மருந்து வியாபாரியை அமர்த்தும் முயற்சி எந்தப் பெயரில் வந்தாலும் அதை நாம் எதிர்த்தல் வேண்டும். அவ்வாறே, மாட்டின் முதல் மருந்து மேய்ச்சல் நிலம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளுக்காக மட்டக்களப்புப் பண்ணையாளர் 2023-ம் ஆண்டில் வீதியோரத்தில் அமர்ந்து போராடியதை நிலத் தகராறு என்று மட்டும் பார்ப்போர் பாதியையே காண்கின்றனர். மேய்ச்சல் நிலத்தை இழந்த மாட்டுக்கு எஞ்சுவது வேலியும் தொட்டியும். அவற்றின் பின்னால் வருவது ஊசி.

ஆசிரியராகிய நாம் வகுப்பறையில் பெனிசிலினின் கதையை ஒரு மேதையின் தற்செயலான கண்டுபிடிப்பு என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அம்மருந்து யார் கையிற் போய்ச் சேர்ந்தது, எதற்காகச் செலவழிக்கப்பட்டது, அச்செலவின் கடனை யார் அடைக்கின்றனர் என்னும் கேள்விகளையும் மாணவரின் முன் வைப்போமாக. வெக்கை நோயை உலகிலிருந்து ஒழித்ததும் மாட்டு மருத்துவமே. நோயைப் பட்டியில் பேணி வளர்ப்பதற்குத் துணைபோவதும் மாட்டு மருத்துவமே. இரண்டிலும் ஊசி ஒன்றுதான். முன்னதில் அதனைப் பிடித்த கை பொதுமக்களின் கை; பின்னதில் மூலதனத்தின் கை. அந்தக் கையை மாற்றுவது மிருக வைத்தியர்களின் வேலை மட்டுமன்று. நம் எல்லோருடைய வேலையுமாகும்.